ட்ரீம்கேட்சர்: கனவுக்கண்ணியும் குதிரை முடியும்

வட்டமான வளையம், நடுவில் சிலந்தி வலை போன்ற பின்னல், கீழே தொங்கும் இறகுகள், மணிகள். இதை ட்ரீம்கேட்சர் என்கிறோம். தமிழில் 'கனவு பிடிப்பான்' என்று எழுதுபவர்கள் உண்டு. பொருள் சரிதான், ஆனால் ஏதோ மின்சாதனத்தின் பெயர் மாதிரி ஒலிக்கிறது.

பொருளின் தாயகம் வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களிடம் இருக்கிறது. அவர்கள் மொழியில் இதற்கு வழங்கும் பெயர் 'அசபிகேஷீன்'. சிலந்திக்கும் அதே சொல்தான். 'அசப்' என்றால் வலை; வலை பின்னும் சிற்றுயிர் சிலந்தி. குழந்தைகளைக் காக்கும் சிலந்தித் தாயால் எல்லாத் தொட்டில்களுக்கும் போய்ச் சேர முடியாமல் போனதால், தாய்மாரும் பாட்டிமாரும் தாங்களே வலை பின்னத் தொடங்கினார்கள் என்பது அவர்களின் கதை. 1929-இல் வெளியான தன் ஆய்வில் அமெரிக்க இனவரைவியலாளர் பிரான்சிஸ் டென்ஸ்மோர் இதைச் சிலந்தி வலை என்றே குறிப்பிடுகிறார். மூன்றரை அங்குல மர வளையம், செந்தட்டி நாரில் திரித்த நூல், தொங்கவிடும் இடம் குழந்தையின் தொட்டில் பலகை. கெட்டது எதுவானாலும் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. 1960, 70-களில் மற்றப் பூர்வகுடிகளிடமும் பரவி, அப்புறம் கடைச் சரக்காகவும் ஆனது.

ஒஜிப்வேயில் 'பவாஜிகே நக்வாகன்' என்று இன்னொரு பெயரும் உண்டு. நக்வாகன் என்பது சுருக்குக் கண்ணி. நமக்கு இதைவிட வசதி வேண்டாம். தமிழில் கண்ணி என்றால் விலங்கு, பறவைகளைப் பிடிக்கும் சுருக்கு. வலையின் ஒவ்வொரு துளையும் கண்ணிதான். ஆகவே என் தேர்வு 'கனவுக்கண்ணி'. 'கனவு வலை'யும் பழுதில்லை.

இப்போது குதிரை முடிக்கு வருவோம். இறந்துபோன அல்லது பிரிந்துபோன குதிரையின் வால்முடியை இந்த வளையத்தில் கோத்து நினைவுப்பொருளாக வைத்துக்கொள்வது குதிரை வளர்ப்பவர்களிடையே இருக்கும் வழக்கம். பிடரிமயிர் குட்டையானது, மெல்லியது. வால்முடி நீளமும் உறுதியும் கொண்டது, வயலின் வில்லுக்குப் போடுவதும் அதுதான். வெட்டுவதற்கு முன்பே மேல்முனையை இறுகக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முடி சிக்கலாகிவிடும். உயிரோடிருக்கும் குதிரையிடம் எடுப்பதானால் வாலின் உட்புறத்திலிருந்து எடுப்பார்கள். வெளியே தெரியாது, வெட்டுவதால் வலியும் கிடையாது. அலசி, முழுக்க உலர்த்தி, மூன்று புரியாகப் பின்னி வளையத்தில் சுற்றலாம், அல்லது இறகுக்குப் பதிலாகக் குஞ்சமாகத் தொங்கவிடலாம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, எளிதில் மக்காது. ஆனால் அந்துப்பூச்சிக்கு அது நல்ல தீனி. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது நல்லது.

சொல்லில் இங்கே ஒரு சின்னச் சங்கடம் இருக்கிறது. பழந்தமிழில் குதிரையின் பிடரிமயிருக்கு உளை, சுவல் என்ற அழகான பெயர்கள் உண்டு. வாலுக்கு அப்படி ஒன்றைத் தேடி அலைய வேண்டாம், வால்முடி போதும். 'மயிர்' நல்ல தமிழ்தான் என்றாலும் பேச்சில் அது வசவாகிவிட்டதால், குதிரையைப் பறிகொடுத்தவரிடம் 'குதிரைமயிர்க் கண்ணி' என்று சொல்லத் தயங்குவோம். 'வால்முடிக் கனவுக்கண்ணி' எனலாம். கனவைப் பற்றிய நம்பிக்கையே இல்லாமல் குதிரையின் நினைவுக்காக மட்டும் செய்ததென்றால் 'நினைவு வளையம்' என்பதே நேர்மையான பெயர். விற்கிறவர்களுக்கும் இது பொருந்தும்: பூர்வகுடிகள் செய்யாத கைவினைப் பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.