இல்லாத கூட்டத்தின் காலடி ஓசை

பிரிட்டனின் குவீன் இசைக்குழு 1977ஆம் ஆண்டு வெளியிட்ட 'வீ வில் ராக் யூ' பாடலில் டிரம்ஸும் இல்லை, பேஸ் கிட்டாரும் இல்லை. தரையில் இரண்டு மிதி, ஒரு கைத்தட்டல், பிறகு ஓசையற்ற ஓர் இடைவெளி என்ற தாளத்தின் மீதே பிரெடி மெர்க்குரியின் குரல் ஏறி நிற்கிறது. இரண்டு நிமிடமே ஓடும் பாடலின் இறுதிப் பகுதியில்தான் மின்கிட்டார் முழுமையாக ஒலிக்கிறது. இவ்வளவு சிக்கனமான பாட்டு அரை நூற்றாண்டை நெருங்கியும் விளையாட்டரங்குகளை விட்டு நீங்காததற்கு ஒலியியலும் நரம்பியலும் சேர்ந்தே விடை தருகின்றன.

ரசிகர்கள் நெருக்கியடித்து நிற்கும் அரங்கில் அவர்களால் செய்யக்கூடியவை காலை மிதிப்பதும் கையைத் தட்டுவதும் பாடுவதும் மட்டுமே என்று எண்ணிப் பாடலை எழுதியவர் கிட்டார் கலைஞர் பிரையன் மே. முன்பு தேவாலயமாக இருந்த ஒரு லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில், அங்கே கிடந்த பழைய பலகைகளின் மீது ஒரு சிலர் மட்டும் மிதித்ததும் தட்டியதும் பதிவாயின. அந்தச் சிலரை ஆயிரக்கணக்கானோராக மாற்றியது எது என்பதுதான் சுவையான பகுதி.

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே உங்களிடமிருந்து 11 மீட்டர் தள்ளி நிற்பவரின் கைத்தட்டல் 32 மில்லிவிநாடியிலும், 23 மீட்டர் தள்ளி நிற்பவருடையது 67 மில்லிவிநாடியிலும் காதை எட்டும். பதிவான ஓசையைப் பலமுறை பிரதியெடுத்து, வெவ்வேறு தொலைவிலிருந்து வருவதுபோல் ஒவ்வொன்றையும் சற்றே தாமதிக்கச் செய்தார் மே. தாமதங்கள் 10, 20, 30 மில்லிவிநாடி என்று சீராக இருந்திருந்தால், பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக விழுந்து, குழாய்க்குள் தட்டியது போன்ற செயற்கையான ரீங்காரம் எழுந்திருக்கும். அதைத் தவிர்க்க அவர் பகா எண்களை நாடினார். பொதுக் காரணி இல்லாத அந்த இடைவெளிகளில் ஒழுங்கு எதுவும் தட்டுப்படுவதில்லை என்பதால், காது அவற்றை எதிரொலியாகப் பிரித்தறியாமல், நாலாபுறமும் நிற்கும் கூட்டமாகவே எடுத்துக்கொள்கிறது. பாதியில் நிறுத்திய வானியற்பியல் முனைவர் பட்ட ஆய்வை 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முடித்தவர் அவர் என்பதால், இந்தக் கணக்கில் வியப்பில்லை.

கூட்டம் கேட்டால் மட்டும் போதாது, கேட்பவரும் அதில் சேர வேண்டும். சீரான தாளத்தைக் கேட்கும்போது, உடல் அசையாமல் இருந்தாலும், மூளையில் இயக்கத்தைத் திட்டமிடும் பகுதிகளும், மூளையின் ஆழத்திலிருந்து அசைவை ஒழுங்குபடுத்தும் அடித்தள நரம்புமுடிச்சுகளும் செயல்படுவதை மூளைப் படப்பதிவு ஆய்வுகள் காட்டியுள்ளன. தாளத்துக்கு விரல் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஓசைக்குச் சில பத்து மில்லிவிநாடி முன்னதாகவே தட்டிவிடுகிறார்கள். அதாவது மூளை ஓசைக்குக் காத்திருப்பதில்லை, அது வரவேண்டிய கணத்தை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. இப்பாடலின் நான்காம் இடம், நம் லயக் கணக்கில் சொன்னால் ஒரு கார்வை, அந்தக் கணிப்புக்கென்றே ஒதுக்கிய இடம்போல் இருக்கிறது. ஓசை இல்லாத அந்தக் கணத்தில் அடுத்த மிதிக்குக் கால் தானாகத் தயாராகிறது. என் கணிப்பில், பாடலின் உயிர் கைத்தட்டலைவிட இந்த மௌனத்தில்தான் அதிகம்.

வேகத்துக்கும் இதில் பங்குண்டு. நிமிடத்துக்குச் சுமார் 81 அடிகள், ஓர் அடிக்கு இரண்டு இடங்கள் என்ற நடையில் ஒரு மிதிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 370 மில்லிவிநாடி கிடைக்கிறது. அந்த நேரத்தில் ஒலி 125 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பெரிய அரங்கின் எதிர்ப்புறத்தில் தட்டும் ஓசை நம்மை எட்டுவதற்குள் ஏறக்குறைய ஓர் இடம் கழிந்திருக்கும் என்றாலும், அருகில் இருப்பவர்களைப் பார்த்துத் தட்டுபவருக்கு நடை தவறுவதில்லை. இதே தாளம் இரு மடங்கு வேகத்தில் இருந்திருந்தால், அந்தத் தாமதம் இரண்டு இடங்களாகி, மிதியும் தட்டலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியிருக்கும்.