கேசஸ் பெல்லி: போர்க்காரணமா, போர்நேர்வா?

நாடுகளை ஆண்டு போரிடும் கணினி விளையாட்டான 'சிவிலைசேஷன் 6' ஆடுகிறவர்கள் தமிழில் பேசும்போதும் மாற்றாமல் சொல்லும் சொல் 'கேசஸ் பெல்லி'. கேட்டவுடன் 'காஸ்' என்ற ஆங்கிலச் சொல் நினைவுக்கு வருவதால் 'போர்க்காரணம்' என்று பெயர்த்துவிடுகிறோம். பிசகு அங்கேதான்.

இலத்தீனில் காரணத்துக்குச் சொல் 'கௌசா'. அது வேறு. 'கேசஸ்' என்பது விழுதலைக் குறிக்கும் 'கதெரே' என்னும் வினையில் பிறந்தது. வந்து விழுந்தது, நேர்ந்தது என்று பொருள். 'பெல்லி' என்றால் 'போரினது'. ஆக, போர் தொடுக்க இடம் தரும்படி நேர்ந்த ஒன்று.

ஆட்டத்திலும் இதே கதைதான். எதிரியின் இரும்பு உங்களுக்கு வேண்டும் என்பது காரணம். அதைக் கணினி கணக்கில் எடுப்பதே இல்லை. நேர்வு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். முன்னறிவிப்பில்லாத திடீர்ப் போர் என்றால் 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கத்தில் 150 மனக்குறைப் புள்ளிகள் உங்கள் மேல் ஏறும். முறைப்படி அறிவித்த போருக்கு 100. இந்த முறைப்படியான போருக்கு வழி, முதலில் எதிரியை 'டினவுன்ஸ்' செய்து, அதாவது வெளிப்படையாகக் கண்டித்து, 5 டர்ன் (ஆட்டச் சுற்று) காத்திருப்பது. சாதாரண வேகத்தில் 40-ஆம் டர்னில் கண்டித்தால் 45-இல் வழி திறக்கும். கண்டனம் 30 டர்னில் காலாவதியாகும்.

அந்த 5 டர்னை வீணாக்கக் கூடாது. வாரியர் படைக்கு டர்னுக்கு 2 நகர்வு. சமவெளியில் 10 கட்டம் போகலாம். குன்றும் காடும் கட்டத்துக்கு 2 நகர்வு கேட்பதால் அங்கே 5 கட்டம்தான். தூரத்தை எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்டியுங்கள். விற்க வேண்டிய சரக்கையும் அதற்கு முன்பே விற்றுவிடுங்கள், கண்டித்தபின் நல்ல விலை வராது. பலர் கோட்டைவிடும் இடம் நட்பு அறிவிப்பு: அது நடப்பில் இருக்கும் 30 டர்னும் நட்பு அறிவித்த நாட்டின்மேல் போர் தொடுக்கவே முடியாது. இன்னொன்று, நேர்வு கையில் இருந்தாலும் நகரங்களைப் பிடிக்கப் பிடிக்க மனக்குறை தனியாக ஏறிக்கொண்டே போகும்.

முன்னறிவித்துப் போர் தொடுப்பது நமக்குப் புதிதல்ல. உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, அம்பு விடப்போகிறோம், பசுக்களும் பெண்களும் பிணியுற்றவர்களும் காவலான இடம் சேருங்கள் என்று பகைநாட்டாருக்குச் சொல்லிவிட்டுப் போர் தொடங்கும் பாண்டியன் முதுகுடுமியைப் பாடுகிறது. எனக்குத் தெரிந்து அறிவித்துத் தொடுக்கும் போருக்கு இதைவிட அழகான சான்று இல்லை.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? சென்னை உயர் நீதிமன்றச் செய்திகளில் 'வழக்குத் தொடர முகாந்திரம் இருக்கிறது' என்று படிக்கிறோம். 'போர் முகாந்திரம்' என்றால் எவருக்கும் உடனே புரியும். ஆனால் முகாந்திரம் வடசொல். தமிழ்ச் சட்டநடையில் 'அத்தகைய நேர்வுகளில்' என்று வரும் 'நேர்வு' தமிழ்ச்சொல், பொருளிலும் 'கேசஸ்' என்பதற்கு நேர் இணை. எனவே 'போர்நேர்வு'. ஆட்டத்தில் இழந்த நகரத்தை மீட்கத் தொடுக்கும் 'ரீகான்குவெஸ்ட்' போருக்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டாம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதற்குக் கரந்தை என்ற பெயர் இருக்கிறது. கரந்தைப் போர் என்றே சொல்லலாம்.