ஒட்டு: ‘பேட்ச்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

‘செக்யூரிட்டி பேட்ச் வந்திருக்கு, உடனே போட்டுடுங்க.’ லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. எழுதும்போதுதான் தடுமாறுகிறோம். ஒருவர் ‘திருத்தம்’ என்கிறார், இன்னொருவர் ‘இணைப்பு’ என்கிறார், பலர் எல்லாவற்றையும் ‘அப்டேட்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். பேட்ச் என்பது நிரலிலுள்ள குறையைச் சரிசெய்ய அதில் சேர்க்கும் சிறு துண்டு. அதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘ஒட்டு’. அதையே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலத்தில் அச்சொல் கிழிசலின்மேல் வைத்துத் தைக்கும் துணித்துண்டைக் குறிக்கும். கணினித் துறைக்குள் அது வெறும் உவமையாக நுழையவில்லை. 1944இல் பணிக்கு வந்த ஹார்வர்டு மார்க் 1 கணினி, துளையிட்ட தாள் நாடாவிலிருந்து நிரலைப் படித்தது. ஒரு துளை தவறாக விழுந்துவிட்டால் நாடா முழுவதையும் மறுபடி துளைக்க மாட்டார்கள். அந்தத் துளையின்மேல் மட்டும் சிறு தாள்துண்டை ஒட்டி மூடிவிடுவார்கள். நாடாக்கள் மறைந்தபிறகும் சொல் நிலைத்தது. 1985இல் நிரலாளர் லேரி வால் வெளியிட்ட கருவியின் பெயரே ‘பேட்ச்’. இரு கோப்புகளுக்கு இடையே மாறிய வரிகளை ‘டிஃப்’ என்ற கருவி எடுத்துத் தரும். அந்த வரிகளைப் பழைய கோப்பின் உரிய இடத்தில் பொருத்துவது பேட்ச். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பங்களிப்பவர்கள் இன்றும் மாறிய வரிகளை மட்டுமே அனுப்புகிறார்கள்.

தமிழில் ‘ஒட்டு’ வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ‘ஒட்டுப் போட்ட சட்டை’ என்றால் விளக்கமே வேண்டாம். ‘ஒட்டு மாங்கன்று’ என்பதிலும் அதே சொல்தான்: அடித்தண்டு பழையது, அதில் சேர்த்தது புதியது. ‘திருத்தம்’ என்பது பிழை நீங்கிய நிலையைச் சொல்கிறதே தவிர, கையிலெடுத்துப் போடக்கூடிய ஒரு துண்டைச் சொல்லவில்லை. ‘இணைப்பு’ ஏற்கெனவே வலைச்சுட்டிக்கும் மின்னஞ்சல் கோப்புக்கும் போய்விட்டது. பாதுகாப்புக் குறையை ‘ஓட்டை’ என்று நாம் இயல்பாகவே சொல்வதால், ஓட்டைக்கு ஒட்டு என்ற சோடியும் தானாக அமைகிறது.

இனி அப்டேட். இதற்கு ‘இற்றைப்படுத்தல்’ நல்ல சொல். அற்றை, இற்றை என்பவை சங்கப் பாட்டுக் காலத்திலிருந்தே வழங்குபவை. இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது இற்றைப்படுத்தல், அதில் பல ஒட்டுகள் சேர்ந்து வரலாம். ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்த வெளியீட்டுக்கு ஏறுவது ‘மேம்படுத்தல்’.

லினக்ஸை மற்ற நிரல்களோடு சேர்த்துத் தரும் தொகுப்பை வழங்கல் என்பார்கள். வெளியீடுகளுக்கு ஒவ்வொரு வழங்கலும் தன் விருப்பப்படி பெயர் சூட்டுகிறது. உபுண்டுவில் ஆண்டும் மாதமுமே எண்: 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2006இல் ஏப்ரலில் வரவேண்டியது இரண்டு மாதம் தள்ளிப்போனதால் அதன் எண்ணும் 6.06 ஆனது. டெபியன் ‘டாய் ஸ்டோரி’ படத்தின் பாத்திரப் பெயர்களை வைக்கிறது: 12க்கு புக்வார்ம், 2025 ஆகஸ்டில் வந்த 13க்கு டிரிக்சி. என்றைக்கும் உருவாக்கத்திலேயே இருக்கும் கிளைக்கு மட்டும் ‘சிட்’ என்ற பெயர் மாறுவதே இல்லை. படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவன் அவன்! லினக்ஸ் அல்லாத இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி, வெளியீட்டு எண்ணின் கடைசியில் ‘பி’ என்ற எழுத்தையும் ஓர் எண்ணையும் சேர்த்து எத்தனையாவது ஒட்டு என்பதைக் காட்டிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், பார்த்தவுடன் நிலைமை புரிந்துவிடும்.

ஒட்டு என்ற சொல்லின் அருமை தெரிவது நிலையான வெளியீடுகளில். 2014 ஏப்ரல் 7 அன்று இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. அதன் பதிவெண் சிவிஇ-2014-0160. சேவையகத்தின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களும் மறைகுறியீட்டுச் சாவிகளும்கூடக் கசியக்கூடிய ஓட்டை அது. மூல நிரலை எழுதுபவர்கள் 1.0.1ஜி என்ற புதிய பதிப்பை வெளியிட்டு அதை அடைத்தார்கள். டெபியனோ தன் வெளியீட்டிலிருந்த 1.0.1இ பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் வரிகளை மட்டும் அதில் சேர்த்தது. பதிப்பையே மாற்றினால் வேறு நடத்தைகளும் மாறி, அதை நம்பியிருக்கும் மற்ற பொதிகள் (நிறுவுவதற்கேற்பக் கட்டப்பட்ட நிரல்கள்) உடையலாம். துணி பழையது, ஒட்டு மட்டும் புதியது. பதிப்பெண்ணை மட்டும் பார்த்து ‘இது பழசு, இன்னும் ஓட்டையோடு இருக்கிறது’ என்று பதறுவது இதனால்தான் தவறு. பொதியின் முழு எண்ணையும் வழங்கலின் பாதுகாப்பு அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒட்டு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். உலகெங்கும் உள்ள நகல் தளங்களில் எதிலிருந்து பதிவிறக்கினாலும், வழங்கலின் பொதிகள் இருக்கும் களஞ்சியத்தின் பட்டியலில் உள்ள மின்னொப்பத்தை உங்கள் கணினி முதலில் சரிபார்க்கிறது. பிறகு பட்டியலிலுள்ள சரிபார்ப்புத் தொகையோடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) பொதியை ஒப்பிடுகிறது. இடையில் யாராவது கைவைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

ஹார்ட்பிளீடுக்கு டெபியன் செய்ததுபோல, புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புக்குக் கொண்டுவரும் ஒட்டை ஆங்கிலத்தில் ‘பேக்போர்ட்’ என்பார்கள். ‘பின்னொட்டு’ என்று பெயர்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் சொல்லின் இறுதியில் சேரும் உறுப்புக்கு இலக்கணத்தில் அந்தப் பெயர் முன்பே இருக்கிறது. ஹார்ட்பிளீட் அடைக்கப்பட்ட டெபியன் பொதியின் எண் 1.0.1இ-2+டெப்7யு5. அதில் கூட்டல் குறிக்குப் பிறகு வருவதுதான் உண்மையில் பின்னொட்டு. அதனால் பேக்போர்ட்டை ‘பழம்பதிப்புக்கான ஒட்டு’ என்று விரித்தே எழுதுகிறேன்.