215 கிலோமீட்டர் காற்று, இரண்டு கணக்கு

2008 மே 2இல் நர்கிஸ் புயல் மியன்மாரின் ஐராவதி கழிமுகத்தில் கரையேறியது. 2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி சூறாவளி அமெரிக்காவின் டெக்சஸ் கரையைத் தாக்கியது. உச்சத்தில் இரண்டின் காற்று வேகமும் மணிக்கு ஏறக்குறைய 215 கிலோமீட்டர். அமெரிக்க அளவுகோலில் இரண்டும் நான்காம் நிலை.

நர்கிஸில் மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து 138,000க்கு மேல். ஹார்வியில் நூற்றுச் சொச்சம் பேர். பணக் கணக்கோ தலைகீழ்: நர்கிஸுக்கு ஏறக்குறைய 4 பில்லியன் அமெரிக்க டாலர், ஹார்விக்கு 125 பில்லியன். உலகின் மிகக் கொடிய புயல் எது என்று கேட்டால், எந்தக் கணக்கைக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. சாவுப் பட்டியலின் உச்சியில் இருப்பது 1970இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை, அதாவது இன்றைய பங்களாதேஷை, அழித்த போலா புயல். குறைந்தது 3 லட்சம் உயிர். பணப் பட்டியலின் உச்சியில் ஹார்வியும் 2005இன் கத்ரினாவும்.

உயிரைப் பெரும்பாலும் எடுப்பது காற்றல்ல, நீர். ஆழ்கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்கித் திரும்பிவிடும். கடலடி ஆழமில்லாத இடத்தில் அதற்கு இறங்க வழியில்லை, குவிந்து கரையேறும். வங்காள விரிகுடாவின் வடகோடி ஆழமற்றது, புனல்போல் குறுகுவதும்கூட. அதன் கரையில் மேடே இல்லாத கழிமுகம், அதில் நெருக்கமாகக் குடியிருக்கும் உழவர்களும் மீனவர்களும். ஐராவதியிலும் இதே நிலைதான். அங்கே அலையைத் தடுத்திருக்கக்கூடிய அலையாத்திக் காடுகளும் வயலுக்காகவும் இறால் பண்ணைக்காகவும் பெருமளவு வெட்டப்பட்டிருந்தன.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 48 மணி நேரத்துக்கு முன்பே மியன்மாருக்குத் தகவல் கொடுத்திருந்தது. தகவல் கிடைத்தாலும் கழிமுகத்து மக்கள் எங்கே ஓடுவது? ஏறி நிற்க ஒரு கான்கிரீட் கட்டடம் வேண்டாமா? பங்களாதேஷ் அந்தப் பாடத்தைப் போலாவில் படித்தது. 1972இல் தொண்டூழியர்களை வைத்து ஒரு புயல் தயார்நிலைத் திட்டத்தைத் தொடங்கி, தூண்கள்மேல் நிற்கும் புகலிடங்களையும் கட்டத் தொடங்கியது. 2007இல் சிட்ர் புயல் வந்தபோது மாண்டவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய துயரம்தான். ஆனால் 3 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றா குறைந்தது?

இனி பணம். இழப்பு என்று அறிவிக்கப்படும் தொகை அங்கே என்ன இருந்தது, அதற்கு என்ன விலை என்பதைப் பொறுத்தது. 1926இல் மயாமியைச் சிதைத்த சூறாவளியால் அன்று நேர்ந்த இழப்பு இன்றைய கண்ணுக்குச் சில்லறை. அதே புயல் அதே பாதையில் இன்று வந்தால் 200 பில்லியன் டாலரைத் தாண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். புயல் மாறவில்லை, கடற்கரையில் அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன. ஆகவே இழப்புத் தொகை ஏறுவதை மட்டும் காட்டிப் புயல்கள் வலுத்துவிட்டன என்று சொல்ல முடியாது. கடல் சூடாவது கவலைக்குரிய விஷயம்தான், ஆனால் புயல் வலுக்கிறது என்பதற்கான சான்று வேறு அளவீடுகளிலிருந்து வர வேண்டும்.

ஒரு நாட்டின் வருமானத்தோடு ஒப்பிட்டால் பட்டியல் மறுபடியும் கலைகிறது. ஹார்வியின் 125 பில்லியன், அமெரிக்காவின் ஓராண்டு உற்பத்தியில் ஒரு விழுக்காடுகூட இல்லை. அதே 2017இல் கரீபியன் தீவு நாடான டொமினிக்காவை மரியா சூறாவளி அடித்தது. இழப்பு சுமார் 1.3 பில்லியன்தான், ஆனால் அது அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 226 விழுக்காடு. என்னைக் கேட்டால், செய்தித் தலைப்பில் வர வேண்டிய எண் இதுதான்.

இந்த எண்ணுக்குள்ளும் அடங்காத இழப்பு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் சொந்த ஊர் உள்ள சிங்கப்பூர்த் தமிழர்கள் விழுந்த தென்னைகளின் படங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து அரசு நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். புதுக் கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அந்த இடைவெளியில் வீட்டில் யார் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினார்கள், யார் படிப்பை விட்டார்கள் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

சாவு எண்ணிக்கை மட்டும் உறுதியானதா? அதே மரியா, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவையும் தாக்கியது. அங்கே முதலில் சொல்லப்பட்ட கணக்கு 64. மின்சாரம் மாதக்கணக்கில் இல்லை, மருத்துவமனைகள் முடங்கின. வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் கணக்கிட்டதில் வந்தது 2,975. அரசு அதையே ஏற்றுக்கொண்டது.

சிங்கப்பூரில் நமக்கு இந்தக் கவலை ஏன் அவ்வளவாக இல்லை? புயல் சுழல, பூமியின் சுழற்சி காற்றை வளைக்க வேண்டும். அந்த விசை நிலநடுக்கோட்டில் பூஜ்யம். நாகப்பட்டினத்தில் அது சிங்கப்பூரில் இருப்பதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. விதிவிலக்காக 2001 டிசம்பர் 27இல் வாமேய் புயல் நமக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஜொகூரில் கரையேறியது. மற்றபடி சுமத்ரா பக்கமிருந்து திடீரென வீசி மரங்களைச் சாய்க்கும் சுமத்ராக் காற்றோடு சரி.

ஆனால் அடுத்தவர் புயலுக்கு இங்கே விலை போடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் பெரிய மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூரில் அலுவலகம் உண்டு. கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை ஓடவிட்டு, ஒவ்வொன்றின் பாதையிலும் எந்தக் கட்டடம் இருக்கிறது, எந்த வேகத்தில் எவ்வளவு சேதமாகும் என்று பெருக்கிப் பார்ப்பதுதான் முறை. காப்பீடே எடுக்காத குடிசையை அது கண்டுகொள்வதில்லை. அதனால் இழப்பு மதிப்பீட்டுக்குக் காத்திராமல், காற்று வேகம் போன்ற ஏதேனும் ஒன்று முன்பே ஒப்புக்கொண்ட அளவை எட்டியதும் பணம் தரும் காப்பீடு வந்திருக்கிறது. மரியாவுக்குப் பிறகு இரண்டு வாரங்களில் டொமினிக்காவுக்கு அப்படிக் கிடைத்தது சுமார் 19 மில்லியன் டாலர். தேவையோடு பார்த்தால் கொஞ்சம்தான், ஆனால் வேறெந்தப் பணமும் அவ்வளவு சீக்கிரம் வருவது அரிது. நம் வட்டாரத்தில் இதற்கென உள்ள சீட்ரிஃப் காப்பீட்டு நிறுவனம் சிங்கப்பூரில்தான் இயங்குகிறது. அதனிடம் லாவோஸ் வாங்கிய வெள்ளக் காப்பீட்டில் அளவுகோல் கட்டடங்களின் மதிப்பு அல்ல, பாதிக்கப்பட்ட மக்களின் எண்ணிக்கை.