சமூகவியல்: எந்தச் 'சமூகம்'?

சமூகவியல் என்றதும் பலருக்குப் பள்ளியில் படித்த சமூக அறிவியல்தான் நினைவுக்கு வருகிறது, வரலாறும் புவியியலும் சேர்ந்த அந்தப் பாடம். இது அதுவல்ல. மனிதர்கள் கூடி வாழ்வதால் உண்டாகிற குடும்பம், சாதி, மதம், வேலை, அதிகாரம் எல்லாம் எப்படி நடக்கின்றன, நம்மை எப்படி நடத்துகின்றன என்று பார்க்கும் துறை.

'சோசியாலஜி' என்ற பெயரைப் பரப்பியவர் பிரான்சின் ஒகுஸ்ட் கோம்ட். முதலில் 'சமூக இயற்பியல்' என்றுதான் சொல்லிவந்தார், பெல்ஜியத்தின் கெத்தலே அதே பெயரைத் தன் புள்ளியியல் ஆய்வுக்கு வைத்துக்கொள்ளவே, 1839இல் புதுச்சொல்லுக்கு மாறினார். கூட்டாளியைக் குறிக்கும் லத்தீன் 'சோசியஸ்', பேச்சையும் அறிவையும் குறிக்கும் கிரேக்க 'லோகோஸ்' இரண்டையும் ஒட்டிய சொல் அது.

தமிழில் 'லோகோஸ்' இருந்த இடத்துக்கு 'இயல்' அழகாகப் பொருந்திவிட்டது. 'சமூகம்' வடசொல், திரள் என்று பொருள். சமுதாயவியல் என்றும் எழுதுகிறார்கள், தனித்தமிழில் குமுகவியல், குமுகாயவியல். (இலங்கையில் 'கூட்டத்துக்குச் சமூகமளித்தார்' என்றால் வந்திருந்தார் என்று பொருள், அது முன்னிலையைக் குறிக்கும் 'சம்முகம்' வழியாக வந்த வேறு சொல்.) குமுகவியல் எனக்குப் பிடிக்கும், ஆனால் கேட்டவுடன் புரிவது சமூகவியல்தான், அதையே வைத்துக்கொள்ளலாம்.

சரி, இதைப் படித்து என்ன பயன்? தற்கொலையை விடத் தனிமனித முடிவு வேறு உண்டா என்று தோன்றும். பிரெஞ்சுச் சமூகவியலர் எமில் துர்கேம் 1897இல் ஐரோப்பியக் கணக்குகளை வைத்துப் பார்த்தபோது, கத்தோலிக்கரை விடப் புராட்டஸ்டண்டுகளிடம் அதன் விகிதம் கூடுதலாக இருந்தது. கத்தோலிக்கரை அவர்கள் மதக் கூட்டம் இன்னும் இறுக்கமாகப் பிணைத்திருந்ததே காரணம் என்றார். ஒருவர் மனசுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காத காரணம் அவரைச் சுற்றியிருக்கும் உறவுகளில் கிடைக்கிறது, அந்த உறவுகளைச் சரிசெய்ய முடியும் என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

நம் ஊருக்கு வருவோம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது, இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. அது பெரிய விஷயம். ஆனால் மணமகள் தேவை விளம்பரத்தில் 'அதே சமூகத்தில் மட்டும்' என்று வருகிறதே, அங்கே சமூகம் என்றால் என்ன பொருள்? பெயரிலிருந்து கழன்ற சாதி, கௌரவமான ஒரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் அந்தப் பக்கத்தை எடுத்து, 'சாதி' எத்தனை இடத்தில், 'சமூகம்' எத்தனை இடத்தில் என்று எண்ணிப் பாருங்கள்.