ரோலரைத் தொடுவதற்கு முந்தைய நாள்

"அண்ணே, ஒரே ஒரு ரூம்தான். நானே அடிச்சிடலாம்னு பார்க்கிறேன். ரோலர் ஒன்பது இஞ்சா, நாலு இஞ்சா?"

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படிப் போன் செய்வார்கள். இருபத்தைந்து வருடமாகப் பெயின்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். ஆளாளுக்கு அடித்துக்கொண்டால் நம் பிழைப்பு என்னாவது என்றெல்லாம் கவலைப்படுவதில்லை. ஒரு அறையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் சுவரில் கோடு கோடாகத் தெரியும், மூன்றாவது சுவருக்குள் கை பழகிவிடும். ஒன்பது இஞ்ச் என்று சொல்லிவிட்டு நான் ஒன்று கேட்பேன்: "வீடு கட்டி எத்தனை வருஷம் இருக்கும்? கதவு ஜன்னலையும் தேய்க்கப் போறீங்களா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. ரோலர் அளவைக் கேட்டால் இவர் வீட்டின் வயசைக் கேட்கிறாரே என்று தோன்றும் போல.

நான் கேட்பது பழைய பெயின்ட்டில் இருக்கக்கூடிய காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகத்துக்காக. புதுப் பெயின்ட் வாசனைக்குப் பயந்து மூக்கை மூடிக்கொள்கிறவர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பழைய பெயின்ட் தூளை வாயாலேயே ஊதித் தள்ளுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிறம் அழுத்தமாக நிற்க, சீக்கிரம் காய, ஈரம் தாங்க என்று எண்ணெய்ப் பெயின்ட்டுகளில் காரீயச் சேர்மங்களைக் கலப்பது நெடுங்காலப் பழக்கம். வெள்ளைக்கு ஒன்று, பளீர் மஞ்சளுக்கு ஒன்று, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க 'ரெட் லெட்' என்று ஒன்று. (இன்று கடையில் கிடைக்கும் 'ரெட் ஆக்ஸைடு' வேறு, அது இரும்பு ஆக்ஸைடு. பெயர்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது.) வீட்டுக்குள் அடிக்கும் பெயின்ட்டில் வெள்ளைக் காரீயம் வேண்டாம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்தைத் தடை செய்தது 1978-ல். இன்றைக்கும் இதற்கென்று சட்டம் இல்லாத நாடுகள் உண்டு. ஆகவே உங்கள் வீடு எந்த ஊரில் இருந்தாலும், பழைய எனாமல் என்றாலே சந்தேகப்படுவதுதான் எனக்குப் பழக்கம். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த சுவரைவிட, எண்ணெய்ப் பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல், கிரில் இவற்றில்தான் என் கண் முதலில் போகும்.

உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயின்ட் பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. தூளாக்கும்போதுதான் வினை. உலர்ந்தபடி தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகி, மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, பிறகு தரையிலும் மெத்தையிலும் படியும். தவழுகிற குழந்தை கையைத் தரையில் வைக்கும், அதே கை வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது என்றும் சொல்கிறது. வளரும் மூளையைத்தான் முதலில் பாதிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கர்ப்பிணியின் ரத்தத்தில் இருந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போனேன். பிறக்கப்போகும் பிள்ளைக்காக அறையைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி வாடகைக்குத் தேய்க்கும் மெஷின் எடுத்து, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, புழுக்கத்துக்கு ஃபேனையும் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தேய்த்திருந்தார். மீதி வேலைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார். தேய்க்காமல் விட்ட ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் கத்தியைச் சாய்த்து ஒரு கீறல் போட்டுப் பார்த்தேன். மேலே சந்தன நிறம், அதற்குக் கீழே வெளிர் நீலம், பிறகு பச்சை, அடியில் மரத்தை ஒட்டி முட்டைக் கரு மாதிரி ஒரு மஞ்சள். பழைய வேலைகளில் அந்த மஞ்சளைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வெள்ளைத் துணியை நனைத்து ஃபேன் இறக்கையில் ஒரு இழு இழுத்தேன். துணியில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டை. நிறைமாதமாக இருந்த அந்தப் பெண் கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தார். "அம்மா, நீங்க உள்ளே வராதீங்க, துடைப்பத்தையும் கீழே வைங்க" என்றேன். அதட்டின மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு பேரும் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொன்னேன். அந்த அறையைச் சுத்தம் செய்யவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. பெருக்குவதே கூடாது, பெருக்கினால் தூசி மறுபடி எழும்பும். வீட்டில் இருக்கும் சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், நுண்ணிய தூளைப் பின்பக்கமாக வெளியே துப்பிவிடும். நுண்ணிய தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டர் உள்ளதாக இருந்தால்தான் உதவும். மற்றபடி சோப்புத் தண்ணீர், ஈரத் துணி, அடிக்கடி தண்ணீர் மாற்றுவது.

நீங்களே செய்வதாக இருந்தால் என் யோசனை இது. உரியாத பெயின்ட்டைச் சுரண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்து மேலே போங்கள். பளபளப்பைக் குறைத்தால்தான் புதுப் பெயின்ட் பிடிக்கும் என்றால், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, வழிகிற சேறை உடனுக்குடன் துணியில் எடுங்கள். பொரிந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டுங்கள். அதற்கு முன்பே அறையைக் காலி செய்து, தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து ஓரத்தை டேப் போட்டு ஒட்டி, ஃபேனை நிறுத்திவிடுங்கள். முகத்தில் கைக்குட்டை கட்டுவது போதாது, N95 தரத்துக்குக் குறையாத மாஸ்க் வேண்டும். தீயில் வாட்டி உரிப்பது அறவே கூடாது, காரீயம் ஆவியாகி நேரே நுரையீரலுக்குப் போகும். உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து துடைக்கும் வரை அந்த வீட்டில் இல்லாமல் இருப்பதே நல்லது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒரு சில்லை எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். தேய்த்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் குச்சிகளும் விற்கிறார்கள், ஆனால் அவை சில சமயம் ஏமாற்றிவிடும். அறை முழுக்கப் பாளம் பாளமாக உரிகிறது என்றால் பழகிய ஆளிடம் விடுங்கள். ஆள் பிடிக்க இதைச் சொல்லவில்லை.

சுவர் ஏன் உரிந்தது என்று பார்க்காமல் பட்டி பார்த்து அடிப்பவர்கள், அடுத்த வருடம் மறுபடி சுரண்டுவார்கள். உரிந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதை அடைக்காமல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது.

தண்ணீர்ப் பெயின்ட்டான எமல்ஷனின் வாசனைக்கு, ஒரு அறை என்றால் ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் போதும். எனாமல், தின்னர் என்று வரும்போது இன்னொன்று: தூசிக்குப் போடும் மாஸ்க் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரி வடிகட்டி உள்ளது வேண்டும். பெயின்ட்டை உரித்தெடுக்கும் திரவங்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறதா என்று டப்பாவில் பாருங்கள். காற்றைவிடக் கனமான ஆவி, உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய குளியலறைகளில் அதை வைத்து வேலை செய்து இறந்தவர்கள் உண்டு. 2019-ல் அமெரிக்கா அதைப் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தியது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து பார்த்தால் வாளி புகைந்துகொண்டிருந்தது. அது என் மூன்றாவது வருடத்துக் கதை. சுருண்டு கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், அந்தத் துணிகளை விரித்துத்தான் காயப்போட வேண்டும்.

அந்தத் தம்பி போன மாதம் கூப்பிட்டார். இப்போது கூடத்து ஜன்னல்.

"அண்ணே, வாட்டர் பேப்பர் நூத்தி எண்பது வாங்கிட்டேன். பையனை அவங்க அம்மா பாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தேய்ச்ச தண்ணியை மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல. செடிக்கு ஊத்தலாமா?"

"செடிக்கு வேண்டாம் தம்பி, மண்ணுல தங்கிடும். டாய்லெட்ல ஊத்திடுங்க."