ஆனவண்டியும் வலம்புரிச் சங்கும்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசுப் பேருந்துக்கு ‘ஆனவண்டி’ என்று பெயர். வண்டியின் மேல் இருக்கும் முத்திரையில் இரண்டு யானைகள் நிற்கின்றன. அதிலிருந்து வந்த செல்லப்பெயர். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கும் அது தெரியும். போக்குவரத்துக் கழகத்தின் நீண்ட பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, யானை மட்டும் மனதில் நின்றுவிட்டது. ஒரு சின்னம் இந்த வேலையை எப்படிச் செய்கிறது?

முதலில் கண்ணின் கணக்கு. நல்ல பார்வை உள்ளவருக்கும் 100 மீட்டர் தூரத்தில், சுமார் 3 சென்டிமீட்டருக்கும் குறைவாக விலகியிருக்கும் இரண்டு கோடுகள் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் தூரத்து எழுத்துகள் வெறும் கறையாகத் தெரியும். பெரிய உருவத்தின் வெளிக்கோடு அப்படிக் கரைவதில்லை. தும்பிக்கையும் முதுகின் வளைவும் தெரிந்தாலே போதும், மூளை மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். அப்புறம் நிறம். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய வீரர்கள் கேடயத்தில் சின்னம் வரைந்தார்கள். மஞ்சள், வெள்ளை இரண்டும் ஓர் அணி, சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை மற்றோர் அணி. ஒரே அணியின் நிறங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. வெளிச்சமும் இருட்டும் எதிரெதிராக நின்றால்தான் தூசியிலும் புகையிலும் உருவம் தெரியும். 1956 வரை நம் மாவட்டம் சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் கொடியில் சிவப்பின் மேல் வெள்ளிச் சங்கு இருந்ததைப் பாருங்கள், அதே கணக்குதான்.

இந்தத் தேவையை நம் இலக்கணம் வெகு காலத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டது. போரில் எந்த வேந்தனின் படை எது என்று தெரிவதற்காக வீரர்கள் பூச் சூடினார்கள் என்கிறது தொல்காப்பியம். சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. அழகுக்காகச் சூடியதாக அது சொல்லவில்லை, அடையாளத்துக்காக என்று காரணத்தோடு சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அந்தப் பூவை வைத்தே ஒரு புலவர் போரைத் தடுக்கப் பார்த்தார். சோழன் நெடுங்கிள்ளி உறையூரில் அடைபட்டிருக்கிறான்; முற்றுகை இட்ட நலங்கிள்ளியும் சோழன்தான். கோவூர்கிழார் நடுவில் நின்று சொல்கிறார்: உன் எதிரி பனம்பூச் சூடியவன் இல்லை, வேம்பு சூடியவனும் இல்லை, உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். எதிரியைப் பிரித்துக் காட்ட வந்த பூ, பிரிக்க முடியாத உறவைக் காட்டிவிட்டது. புறநானூற்றில் இருக்கும் இந்தப் பாட்டைப் படிக்கும்போது, சின்னத்துக்குள் ஒரு வாதமே அடங்கியிருக்க முடியும் என்பது புரியும்.

உருவங்களை வைக்கும் இடத்துக்கும் பொருள் உண்டு. சோழர் செப்பேடுகளின் வட்ட முத்திரையில் புலியோடு இரண்டு மீன்களும் வில்லும் இருக்கும், மேலே குடை. பாண்டியனும் சேரனும் எங்களுக்குக் கீழே என்று ஒரு வரிகூட எழுதாமல் சொல்லியாயிற்று. நம் கோட்டாற்றுக்குக் கல்வெட்டுகளில் மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர். மூன்று முடியும் ஒருவனுக்கே என்ற அந்தப் பெயரும் இந்த முத்திரையும் சொல்வது ஒரே செய்திதான்.

ஐரோப்பாவில் இது தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. ஆல்சியாத்தோ என்ற இத்தாலியச் சட்ட அறிஞரின் நூல் 1531-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சானது. மேலே ஒரு சிறு வாசகம், நடுவில் படம், கீழே ஒரு செய்யுள் என்ற அமைப்பு அதிலிருந்து பரவியது. படத்தை மட்டும் காட்டினால் பத்துப் பேர் பத்து விதமாகப் படிப்பார்கள், வாசகம் அதை ஒரு பொருளில் கட்டிப்போடும். சாரநாத்துச் சிங்கங்களின் கீழே ‘சத்யமேவ ஜயதே’ இருப்பதும், தமிழ்நாட்டுக் கோபுர முத்திரையில் ‘வாய்மையே வெல்லும்’ இருப்பதும் அதே வேலைக்காகத்தான்.

சரி, நம் மாவட்டத்துச் சங்குக்கு வருவோம். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையோடு மோதிய டச்சுக் கம்பெனிக்கும் ஒரு முத்திரை இருந்தது: ‘வி’ என்ற பெரிய எழுத்தின் இரண்டு கால்களிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்தது. பீரங்கியிலும் காசிலும் அதைப் பொறித்தார்கள். அந்த முத்திரையின் கீழ் வந்த அதிகாரி டிலனாய் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராகி, இன்று உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துத் தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். நாடு சாமியுடையது என்றால், சாமியின் கையில் இருக்கும் சங்குதானே கையெழுத்து! அதிலும் கிடைப்பதற்கு மிக அரிதான வலம்புரி.

அந்தச் சங்கு ஜனங்களின் கைக்கு வந்தது காசாகவும் தபால் தலையாகவும்தான். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று கணக்குப் பார்த்த ஊர் இது. 1888-இல் வந்த திருவிதாங்கூர் அஞ்சல் தலையிலும் சங்குதான். பள்ளிக்கூடம் போகாதவரும் அதைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டார்கள். சின்னத்தைப் படிக்க எழுத்தறிவு வேண்டாம், பழக்கம் வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அலுவலகங்களுக்குக் கோபுரம் வந்தது. யானைகளும் சங்கும் கேரள முத்திரையில் தொடர்ந்தன. சாரநாத்துச் சிங்கங்கள் இரண்டிலும் உண்டு.

பழக்கம் அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு வட்டக்கோட்டையில் ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே கல்லில் மீன் உருவங்கள் இருக்கின்றன. பாண்டியச் சின்னம் என்பார்கள். ஆனால் பக்கத்தில் வாசகம் இல்லை, குடை இல்லை. பார்க்க வரும் குழந்தைகளுக்கு அது வெறும் மீன்தான்.

அரசர்கள் கொடுக்காத சின்னமும் இந்த மண்ணில் உண்டு, எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிது. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியினர் தலையில் துணி கட்ட உரிமை இல்லாத திருவிதாங்கூரில், 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார். தாமரையின் மேல் சுடர் வடிவ நாமம், அவரைப் பின்பற்றும் அய்யாவழியின் சின்னம். என்றாலும் அந்தத் தலைப்பாகையும் சின்னம்தான். பறிக்கப்பட்டிருந்த ஒன்றையே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட சின்னம். இன்றும் அய்யாவின் தலைமைப்பதியான சுவாமித்தோப்பு வாசலில், உள்ளே போகும் முன் சிறு பையன்களின் தலையில் அப்பாக்கள் துண்டைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள்.